வழவழப்பு

கண்ணாடிப் பட்டறையில் புதிதாகச் சேருகிற ஆளுக்கு முதல் நாள் வேறு வேலை எதுவும் இல்லை. சுவரோரமாக நிற்கவைத்து, மூலை உடைந்த பழைய கண்ணாடித் தகடு ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அதை நழுவ விட வேண்டும். விட்ட அந்தக் கணமே இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓரடி பின்னால் போக வேண்டும். தகடு விழுந்து சிதறும். கை அதைப் பிடிக்கப் போனால் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். "கை வந்துச்சு பாரு, கை வந்துச்சு! மறுபடி!" என்பார்கள். நழுவுகிற பொருளைப் பிடிக்கப் பாய்வது மனிதக் கையின் பிறவிக் குணம். தவழுகிற குழந்தையின் கைகூடப் பாயும். அந்தக் குணம் மறக்கும் வரைக்கும் அன்று முழுக்க உடைப்பதுதான் வேலை. மறந்த கைதான் அங்கே பிழைக்கும்.

அந்தப் பட்டறையில் கண்ணாடி வெட்டுகிறவனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கட்டர் என்றால் அவன்தான். உள்ளங்கை காய்த்துப் போயிருந்தாலும் ஒரு வெட்டுத் தழும்பு கிடையாது. வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் முதலாளி அந்தக் கையைப் பிடித்துக் காட்டுவார், தன் வீட்டுப் பொருளைக் காட்டுவதுபோல.

பெட்டியிலிருந்து இறங்குகிற தகட்டில் தூசியும் காகிதப் பொடியும் படிந்திருக்கும். அதை எடுக்கும்போது கட்டரின் கை விறுவிறுவென்று போகும். வேறு எங்கோ பார்த்துக்கொண்டே, யாரிடமோ பேசிக்கொண்டே எடுத்துவிடுவான். கழுவி வந்த ஈரத் தகட்டை வாங்கும்போது அதே கை வேறு கையாகிவிடும். விரல்கள் தேவைக்கு மேல் அகலமாக விரியும். கிட்டே போகப் போக வேகம் குறையும். தொட்ட பிறகும் கொஞ்சம் நின்று, அப்புறம்தான் இறுகும். இதை அவன் நினைத்துச் செய்வதில்லை. பளபளப்பைக் கண் பார்த்துவிட்டால் கை தானாக அப்படி ஆகிவிடும்.

அந்த மெதுவான கை இப்போது வீட்டுக்கும் வந்துவிட்டது. அதை முதலில் கவனித்தது அவன் மனைவி.

அவள் தையல்காரி. முன்னறையிலேயே மிஷின். தெருவில் எல்லோருக்கும் டெய்லரம்மா. துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும், இது தண்ணீர் பட்டால் சுருங்கும், இது நூல் விடும், இதற்குச் சின்ன ஊசி வேண்டும் என்று சொல்லிவிடுவாள். வழுக்குகிற சாட்டின் துணி தைக்கும்போது மட்டும் வாய் சும்மா இருக்காது. "சனியன், ஒரு இடத்துல நிக்குதா பாரு" என்று துணியோடு சண்டை போட்டுக்கொண்டே தைப்பாள்.

அடுப்படியில் பாத்திரம் இறக்குவதற்கு அந்த வீட்டில் தனித் துணி கிடையாது. வெட்டி விழுந்த துண்டுகள்தான். எப்போதும் காட்டன் துண்டாகப் பார்த்துத்தான் போட்டுவைப்பாள். போன மழைக்காலம் தொடங்கிய சமயம், ஒருநாள் மேலே கிடந்தது சாட்டின் துண்டு. யாருடைய கல்யாண உடுப்புக்கோ வெட்டியதில் மிஞ்சியது.

குழந்தைக்குக் குளிக்க வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பழைய பாத்திரம் கரியும் காறையுமாய்ச் சொரசொரவென்று இருக்கும். அது ஓட்டையாகிவிட்டதால் புதிது வாங்கியிருந்தார்கள். உள்ளும் புறமும் முகம் தெரிகிற எவர்சில்வர். சோப்பு ஈரம் காயாத கையோடு அந்தச் சாட்டின் துண்டை எடுத்துப் பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கினாள். கட்டர் அவளுக்காகக் குளியலறைக் கதவைத் திறந்து பிடித்தபடி எதிரே, கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தான். பாத்திரம் துணிக்குள் வழுக்கியது. அவள் அதைப் பிடிக்கப் பாய்ந்தாள். அவன் இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓரடி பின்னால் போனான்.

கொதிநீர் அவள் வலது கையில், விரலிலிருந்து முழங்கை வரை விழுந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். மழைக்காலம் முழுவதும் ஆஸ்பத்திரியிலேயே போயிற்று. வீட்டுக்கு வந்தபோது கை இருந்தது, விரல்கள் மடங்கின. தோல் மட்டும் வேறு யாரிடமோ கடன் வாங்கியதுபோல, இளஞ்சிவப்பாக, மயிர்க்காலே இல்லாமல் மினுமினுவென்று இருந்தது. அந்தத் தோலுக்கு எதுவும் தெரியவில்லை. ஈ உட்கார்ந்தால் தெரியவில்லை. குளிர்ந்த தண்ணீரில் வைத்தாலும் வெயிலில் வைத்தாலும் ஒன்றுதான்.

அவளுக்கு உள்ளேயும் அப்படித்தான் இருந்தது. என்றைக்காவது உடைந்து அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அழவில்லை. கேட்டால் பதில் சொன்னாள். கொடுத்தால் சாப்பிட்டாள்.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். வருகிறவர்கள் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். மேசைமேல் உப்புத்தாள் ஒட்டிய கட்டை, கம்பளி உருண்டை, ஸ்பூன், கோலிக்குண்டு, ஈர சோப்பு எல்லாவற்றையும் பரப்பினாள்.

"ஒண்ணொண்ணா எடுங்கம்மா. அவசரமே இல்ல."

கட்டை வந்தது. கம்பளி வந்தது. ஸ்பூன் பாதியில் விழுந்தது. காகிதக் கப்பில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தபோது கப் நசுங்கி மேசையெல்லாம் ஈரம்.

"எவ்வளவு அழுத்தணும்னு தெரியல டீச்சர்."

"தெரியாதும்மா. முன்னாடி தோல் சொல்லிட்டிருந்துச்சு. பொருள் லேசா நழுவ ஆரம்பிச்சாலே, நமக்கே தெரியாம விரல் இறுகிடும். இப்ப அது சொல்லாது. கண்ணால பார்த்துத்தான் பிடிக்கணும். பிடிச்ச பிறகும் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"பார்க்காட்டி?"

"விழுந்துடும்."

"எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருந்தா எப்படி இருக்கறது?"

"கஷ்டம்தாங்க" என்றாள் டீச்சர். அதற்கு மேல் சமாதானம் எதுவும் சொல்லாதது நல்லதாயிற்று.

பிறகு கட்டரைப் பார்த்துச் சொன்னாள்: "சார், வீட்டுல வழவழன்னு இருக்கற சாமானுக்கெல்லாம் சொரசொரன்னு ஏதாவது சுத்திக் கொடுங்க. பார்க்கும்போதே கைக்குத் தைரியம் வரும். அப்புறம் இந்தக் கிரீம். காலைல சாயங்காலம் போட்டு நல்லா அழுத்தித் தேய்ச்சுவிடணும். சும்மா தடவுனா பத்தாது. விட்டுட்டீங்கன்னா தோல் சுருங்கி விரலை இழுத்துக்கும். நீங்கதான் செய்யணும், சரியா?"

கட்டர் தலையாட்டினான். அவன் கண் தரையில் இருந்தது.

வீடு திரும்பியதும் குழந்தை ஓடி வந்தது. குட்டி என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் போகிற வயது வரவில்லை. வேகமாக ஓடி வந்தவள், அம்மாவின் வலப்பக்கம் வந்ததும் அப்படியே சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, இந்தக் கைக்கு என்ன?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அது வழுக்கும்" என்றாள் குட்டி.

பக்கத்து வீட்டுக்காரியும் அதே பட்டறைதான். தகடுகளைக் கழுவுகிற வேலை. எந்நேரமும் புடவைக் கொசுவம் நனைந்திருக்கும் என்பதால் தண்ணியக்கா என்று பெயர். கிரீமை அவள்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். காலையில் வேலைக்குப் போகும்முன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை. "தண்ணியிலேயே ஊறின கை, எனக்கு எதுவும் வழுக்காது" என்பாள். கட்டர் அந்த நேரத்தில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவான்.

ஆனால் வீட்டுச் சாமான்களை அவன் விடவில்லை. பழைய சைக்கிள் டியூப்களை வாங்கி வந்து வளையம் வளையமாக வெட்டினான். டம்ளருக்கு டியூப், கரண்டிக் காம்புக்குக் கயிறு, குழாய்த் திருகுக்கு ரப்பர் புள்ளி வைத்த பழைய கையுறைத் துண்டு. கதவுப் பிடி, சீப்பு, விளக்குமாறு, தண்ணீர்ச் செம்பு. பட்டறை விட்டு வந்ததும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுற்றுவான். தகட்டைக் கோடு போட்டு வெட்டுகிற அதே கவனம். ஒரு வளையம்கூடக் கோணலாக இருக்காது.

தண்ணியக்கா ஒருநாள் அலமாரியைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"என்ன தம்பி இது, சாமானெல்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நிக்குது? எல்லாத்துக்கும் ஒண்ணா ஜலதோஷமா?"

குட்டி சிரித்தாள். கட்டரும் சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்தான். அவன் மடியில் மனைவியின் துணி வெட்டுகிற கத்தரிக்கோல் இருந்தது. அதன் வளையங்களுக்கு உள்ளே டியூப் ஒட்டிக்கொண்டிருந்தான். முடித்து அவள் முன்னால் வைத்தான். அவள் விரல்களைப் பார்த்துப் பார்த்து நுழைத்தாள். உள்ளே போகவில்லை, டியூப் இடத்தை அடைத்திருந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் ஒரு டியூப் மாட்டிவிட்டுடுங்க" என்றாள். "அப்பவாவது உங்க கை எங்கிட்ட வருதான்னு பார்ப்போம்."

குரலில் கோபம் இல்லை. உப்பு குறைவு என்று சொல்கிற குரல். தண்ணியக்கா குட்டியை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அந்த வாரம் டெய்லரம்மாவின் அண்ணன் வந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பெரிய உடம்பு, பெரிய குரல். தங்கையின் கையைப் பார்க்கும்போது மட்டும் அந்தக் குரல் எங்கோ போய்விடும். டியூப் சுற்றிய டம்ளரில் டீயை வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தான்.

"மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. நான் நேராவே பேசிடறேன். பகல் முழுக்க நீங்க பட்டறை. வந்தா டியூப் வெட்டறீங்க. இவளைக் கவனிக்கறது பக்கத்து வீட்டம்மா. அவங்க எத்தனை நாளைக்குச் செய்வாங்க? எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்குது. இவ அண்ணி கூடவே இருப்பா."

"சரிதான் மச்சான்."

"குட்டியை நான் வண்டி ஓட்டற ஸ்கூல்லயே சேர்த்துடறேன். காலைல நானே ஏத்திக்கிட்டுப் போய், நானே இறக்கி விட்டுடுவேன்."

"ஸ்கூல்லயா? கொஞ்ச நாளைக்குத்தானே மச்சான்?"

"ஸ்கூல்ல சேர்த்தா அது கொஞ்ச நாளா மாப்பிள்ளை?"

அண்ணன் தங்கையிடம் திரும்பினான்.

"நீ சொல்லும்மா. வரியா?"

"வரேன்" என்றாள். "எங்க இருந்தா என்ன."

"மாப்பிள்ளை?"

அண்ணன் கேட்ட விதத்திலேயே, நீ ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லேன் என்கிற கெஞ்சல் இருந்தது. தங்கையை அழைத்துக்கொண்டு போவதில் அவனுக்கு ஒன்றும் சந்தோஷம் இல்லை.

"அவ இஷ்டம் மச்சான்" என்றான் கட்டர்.

அவள் இஷ்டம் என்று ஒன்று அப்போது இல்லை. அது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு அண்ணன் போனான்.

பட்டறையில் மத்தியானச் சாப்பாடு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். வெயில் தகரக் கூரையைப் பொரித்துக்கொண்டிருக்கும். தொட்டியோரம் மட்டும் கொஞ்சம் குளிர்ச்சி. தண்ணியக்கா சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, அவித்த முட்டையை இரண்டாகக் கிள்ளி ஒரு பாதியைக் கட்டரின் மூடியில் வைத்தாள்.

"ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே தம்பி?"

"கேளுங்கக்கா."

"ஈரத் தகட்டை நான் நீட்டறேன், நீ வாங்கறே. இத்தனை காலத்துல ஒண்ணாவது கீழ போட்டிருக்கோமா?"

"இல்ல."

"அதைப் பிடிக்கற கைக்கு உன் பொண்டாட்டி கையைப் பிடிக்க வரலையா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"போறேன்க்கா. போகாம இல்ல. கிட்டப் போனதும் கை நின்னுடுது. நான் நிறுத்தல, அதுவா நிக்குது. ஈரக் கண்ணாடிகிட்ட எப்படிப் போகுமோ அப்படியே போகுது. அவ அதைப் பார்த்துக்கிட்டே இருக்கா. அவ பார்க்கறது தெரிஞ்சதும் எடுத்துக்கறேன்."

"அவ கண்ணாடி இல்லடா."

"தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்றது? தெரிஞ்சது மண்டையில இருக்கு. கை வேற எங்கயோ இருக்கு." முட்டையை வாயில் போட்டுக்கொண்டாள். "உனக்குப் பயமா? அருவருப்பா? பளிச்சுனு சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல."

"அருவருப்பு இல்லக்கா. சாமி சத்தியமா இல்ல."

"அப்புறம்?"

அவன் பதில் சொல்லும்முன் கொட்டகையின் அந்தப் பக்கத்திலிருந்து தகடு உடைகிற சத்தம் வந்தது. தொடர்ந்து சிரிப்பு. யாரோ புது ஆள் சேர்ந்திருந்தார். "கை வந்துச்சு பாரு! மறுபடி, மறுபடி!" கட்டர் மூடியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்த் தொட்டியில் முகத்தைக் கழுவினான். நெடுநேரம் கழுவினான். தண்ணியக்கா அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவனுக்கு முட்டையில் பாதி கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிற ஆள் இல்லை அவள்.

சனிக்கிழமை சாயங்காலம் தூறல் பிடித்துக்கொண்டது. முன்னறையில் பை திறந்திருந்தது. கட்டரின் மனைவி இடது கையால் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கையில் மடிப்பு நிற்கவில்லை, சரிந்து சரிந்து விழுந்தது. கட்டர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கி மடித்தான். குட்டியின் கவுன், குட்டியின் சட்டை, குட்டியின் போர்வை. மிஷின்மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது.

"நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"சொல்லுங்க."

"அன்னிக்கு நான் பிடிச்சிருக்கலாம். எட்டற தூரத்துலதான் நின்னேன். பிடிக்கல. பின்னால போயிட்டேன்."

"தெரியும்."

அவன் கை நின்றது. "தெரியுமா?"

"எதிர்லதானே நின்னீங்க. ரெண்டு கையையும் தூக்கிட்டு. போலீஸ்கிட்ட மாட்டின திருடன் மாதிரி."

வெளியே தூறல் கொஞ்சம் வலுத்தது. அவள் ஒரு பாவாடையை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள்.

"நான் மட்டும் என்ன? சாட்டின் துண்டு. எத்தனை வருஷமா துணி பார்க்கற கை இது. எடுத்த உடனே தெரிஞ்சிருக்கணும். தெரியவும் தெரிஞ்சுது. மாத்தலாமான்னு தோணுச்சு. தண்ணி கொதிக்குது, குட்டி குளிருதுங்கறா. பரவாயில்லனு தூக்கிட்டேன்."

"நீ ஏன் இதைச் சொல்லவே இல்ல?"

"நீங்க ஏன் சொல்லல?"

இரண்டு பேரும் சிறிது நேரம் துணியை மடித்தார்கள்.

"நீங்க பிடிச்சிருந்தா உங்க கையும் வெந்திருக்கும்" என்றாள். "அப்புறம் வீட்டுக்கு டியூப் சுத்த வெளியாளைத்தான் கூப்பிடணும்."

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"அப்ப என்மேல கோபம் இல்லையா?"

"அன்னிக்கு விலகினது உங்க கை. உடைச்சு உடைச்சுப் பழக்கின கை. அதுகிட்டப் போய் நான் என்ன கோபப்படறது? அதுக்கப்புறம் தினமும் காலைல சாயங்காலம் விலகறீங்களே. அது யாரு?"

சாரல் உள்ளே அடித்தது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான். சாத்தி முடித்த பிறகுதான், இப்போதும் எழுந்து வந்துவிட்டோம் என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தபோது அவள் பையின் ஜிப்பைப் பல்லால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெரு காய்ந்திருந்தது. அண்ணன் சீக்கிரமே வந்துவிட்டான். வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்து, முன்னறை நாற்காலியில் வேன் சாவியைச் சுழற்றியபடி உட்கார்ந்தான். குட்டி அவன் மடியில். அடுப்பில் உலை கொதித்தது. போகிற வழியில் சாப்பிட்டுக்கொள்ளலாம், எதற்கு இதெல்லாம் என்று அவன் சொல்லியும், "அரிசி போட்டாச்சு" என்று அவள் முடித்துவிட்டாள்.

கிளம்பும்முன் கிரீம் போட வேண்டும். தண்ணியக்கா வந்தாள். உள்ளே வரவில்லை, வாசல்படியிலேயே நின்றாள். வலது ஆள்காட்டி விரலில் பெரிய துணிக்கட்டு.

"இன்னிக்கு நான் போட முடியாதும்மா. பாரு, நேத்து தகடு கிழிச்சுடுச்சு."

"ஐயோ, ஆழமாக்கா?" என்றாள் அவள்.

"ரொம்ப ஆழம். தையல் போடணும்னாலும் போடணும். தம்பி, நீ போட்டுவிடு. எனக்கு அடுப்புல பருப்பு இருக்கு." உள்ளே இருந்த யாரும் மேற்கொண்டு கேட்பதற்குள் போய்விட்டாள். படியிறங்கும்போதே துணிக்கட்டை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டதை எதிர்வீட்டுப் பூனை தவிர யாரும் பார்க்கவில்லை. கடவுள் பார்த்திருப்பார். பார்த்து, எழுதிக்கொள்ளாமல் விட்டிருப்பார்.

உள்ளறையில் டெய்லரம்மா பாயில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, அதன்மேல் வலது கையைத் தூக்கி வைத்தாள். கட்டர் எதிரே உட்கார்ந்தான். டப்பாவைத் திறந்து கிரீமை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டான். அவன் கையும் வழவழப்பு, அவள் கையும் வழவழப்பு.

கையைக் கொண்டுபோனான். பாதி தூரம் வரை சாதாரணமாகப் போனது. பிறகு விரல்கள் விரிந்தன. வேகம் குறைந்தது. அவளுடைய மணிக்கட்டுக்கு மேலே, ஒரு காகிதம் நுழைகிற இடைவெளியில் அந்தரத்தில் நின்றது.

"நின்னுடுச்சு" என்றாள். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்."

"நான் பார்க்கறதுனாலயா?"

"தெரியல."

"கண்ணை மூடிக்கறேன்."

"மூடிட்டா உனக்கு ஒண்ணும் தெரியாதே."

"தெரியாதுதான். நீங்க சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டாள். கண் மூடியதும் அவள் முகம் களைத்துப்போய், தூங்குகிற குட்டியின் முகம்போல ஆகிவிட்டது. நெற்றியில் அடுப்படியின் வேர்வை. அவள் முகத்தை இவ்வளவு நேரம் அவன் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டான். அவன் கை எதன்மேலோ படிந்திருப்பது பிறகுதான் தெரிந்தது. குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடி நின்றுவிடும்.

"போட்டுட்டீங்களா?"

"பிடிச்சிருக்கேன். மணிக்கட்டுல இருக்கு கை."

"அழுத்துங்க. டீச்சர் அழுத்தச் சொன்னாங்க."

"அழுத்தறேன். இப்ப கட்டைவிரல். கட்டைவிரலுக்குக் கீழ இருக்கற சதை. இப்ப உள்ளங்கை."

"ம்."

"உள்ளங்கையைச் சுத்திச் சுத்தித் தேய்க்கறேன். இப்ப ஆள்காட்டி விரல். அதை மடக்கி நீட்டறேன்."

"வருதா?"

"வருது. லேசா இழுக்குது. இப்ப மறுபடி மணிக்கட்டு. மேல வரேன்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவன் சொன்ன இடத்தில்தான் அவன் கை இருக்கிறது என்று அப்படியே எடுத்துக்கொண்டாள். அதைத் தவிர அவளுக்கு வேறு சாட்சி இல்லை. முன்னறையில் அண்ணனின் சாவிச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. அவன் குட்டியை அணைத்துக்கொண்டு, திரைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் பாடம் ஒப்பிப்பதுபோல ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டு போவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"முன்னங்கை. அங்கயேதான் இருக்கேன். கொஞ்சம் முறுக்கின மாதிரி இருக்கு, அதைத் தேய்க்கறேன். இப்ப முழங்கை..."

அதற்குமேல் கட்டருக்குச் சொல்ல வாய் வரவில்லை. கை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"இருங்க" என்றாள்.

அவன் நிறுத்தினான்.

"இப்ப உங்க கை எங்க இருக்கு? நான் சொல்லட்டுமா? முழங்கைக்கு மேல. உள்பக்கமா."

"ஆமா."

"தெரியுது." கண்ணைத் திறக்கவில்லை. "சில்லுன்னு இருக்கு. உங்க கை என்ன இவ்வளவு சொரசொரன்னு இருக்கு? கோணி மாதிரி. எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

"எப்பவும் இப்படித்தான்."

"மறந்துபோச்சு எனக்கு."

அவன் அந்த இடத்திலேயே கையை வைத்திருந்தான். அங்கே தோல் அவளுடைய சொந்தத் தோல், கறுப்பாக, மயிர்க்கால்களோடு. அந்த மயிர்க்கால்கள் குத்திட்டு நிற்பது அவன் விரல்களுக்குத் தெரிந்தது.

"அங்கயே வச்சிருக்காதீங்க" என்றாள் சற்றுக் கழித்து. "கீழ போங்க. விரல் வரைக்கும் போங்க. சொல்லிக்கிட்டே போங்க, இல்லாட்டி எனக்குத் தெரியாது."

முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. அண்ணன் தொண்டையைச் செருமினான்.

"ஏம்மா, வெயில் ஏறுது. பையை வண்டியில வச்சுடட்டுமா?"

உலைமூடி தடதடத்துக்கொண்டிருந்தது.

"வேணாம்ணா" என்றாள் உள்ளேயிருந்து. அதே தட்டையான குரல்தான். "சோறு வெந்ததும் சாப்பிட்டுட்டு நீ கிளம்பு. நாங்க இங்கயே இருக்கோம். அண்ணியைக் கேட்டேன்னு சொல்லு."

அண்ணன் கதவோரம் இருந்த பையைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கழற்றாமல் இருந்த செருப்பைக் கழற்றிச் சுவரோரமாகத் தள்ளினான்.

"முட்டை இருக்கா வீட்டுல?" என்று குட்டியிடம் கேட்டான்.

"இருக்கே" என்று குட்டி அடுப்படிக்கு ஓடினாள்.

உள்ளே கட்டரின் குரல் மறுபடி தொடங்கியது.

"முன்னங்கை. மணிக்கட்டு. புறங்கை. இப்ப சுண்டுவிரல்."